மாத்திரைச் சீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பார்க்கின்சன் நோய் பற்றித்தான் எழுதுகிறேன். நம் பெரியவர்கள் நடுக்குவாதம் என்பார்கள். மூளையில் டோபமைனைச் சுரக்கும் செல்கள் குறையக் குறைய, கை நடுங்கும், உடம்பு இறுகும், அசைவு மெதுவாகும். பாக்ஸிங் பரம்பரைகளுக்குப் பேர்போன வடசென்னையில் முகமது அலி பெயரைச் சொன்னாலே போதும். 1980-ல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் குத்துச்சண்டை போட்டுக் காட்டியவர். 1984-ல் அவருக்கு இந்த நோய் என்று கண்டுபிடித்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அவர் தீபம் ஏற்றியபோது உலகமே கைதட்டியது.

அதே நடுக்கம் ராயபுரத்தில் ஒரு பழைய ஹார்பர் தொழிலாளிக்கு வந்தால் யாரும் கைதட்டுவதில்லை. நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, முகத்தில் சிரிப்பு வருவதில்லை. "காலையிலேயே ஏத்திக்கினு வந்துட்டாரு" என்கிறது தெரு. எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தப் பேச்சுக்குப் பயந்தே டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காதவர்.

டாக்டர்களை நான் குறை சொல்லவில்லை. அரசு ஆஸ்பத்திரி நரம்பியல் ஓ.பி. கூட்டத்தில் அவர்களால் நோயைப் பார்க்க முடியும், மாத்திரை எழுத முடியும். அந்தச் சீட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டமே. லெவோடோபா மாத்திரையை நேரம் தவறாமல் போட வேண்டும். மீன், முட்டை, பருப்பு நிறைந்த சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது. தீர்ந்துபோனது என்று திடீரென நிறுத்தினால் ஆபத்து. விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து விற்கிற மனைவிக்கு இதையெல்லாம் யார் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது?

அதற்குப் படித்தவர்கள்தான் மருத்துவச் சமூகப் பணியாளர்கள். இது புது வேலை அல்ல. லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் 1895-லேயே இப்படி ஒருவரை வைத்தார்கள். மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 1946-ல் வைத்தார்கள். நம் சென்னையிலேயே மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952-ல் சமூகப் பணிக்கென்று மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கினார்.

அவர் என்ன செய்வார்? வீட்டுக்கு வந்து பார்ப்பார். கால் தடுக்கும் மிதியடியை எடுக்கச் சொல்வார், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கச் சொல்வார். மாத்திரை நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். மனச்சோர்வும் இந்த நோயின் ஒரு பகுதிதான், சோம்பேறித்தனம் அல்ல என்று பிள்ளைகளுக்குப் புரியவைப்பார். டீக்கடைக்காரரிடமும் இரண்டு வார்த்தை பேசுவார்.

அடுத்தது உரிமை. 1995-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பார்க்கின்சன் இல்லை. 2016 சட்டம் பட்டியலை 21 வகையாக விரித்தபோது இந்த நோயும் சேர்ந்தது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்றிதழ் கிடைத்தால் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைத் திட்டத்திலும் பார்க்கின்சன் இருக்கிறது. ஆனால் பேனா பிடிக்கவே கை நடுங்குகிறவர் ஃபாரம் நிரப்பி, ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் எத்தனை முறை அலைவார்? சட்டத்தில் இருப்பதைக் கையில் கொண்டுவந்து சேர்க்க ஓர் ஆள் வேண்டாமா?

"வீட்டில் மனைவி, மருமகள் இல்லையா, அவர்கள் பார்க்கட்டும்" என்று சிலர் சொல்வீர்கள். அவர்கள்தான் பார்க்கிறார்கள். ராத்திரி புரட்டிப் படுக்க வைப்பதும் அவர்கள், வேலையை விட்டு நிற்பதும் அவர்கள். "நீ சாப்பிட்டியாம்மா, தூங்குனியா?" என்று அவர்களைக் கேட்க யாருமில்லை. சமூகப் பணியாளர் முதலில் கேட்பது அதைத்தான். குடும்பத்தின் இடத்தைப் பிடிக்க அவர் வருவதில்லை, குடும்பம் முறிந்துபோகாமல் தாங்கத்தான் வருகிறார்.

அரசால் முடியாததும் இல்லை. எச்.ஐ.வி. வந்த காலத்தில் ஊரே ஒதுக்கியது. ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் திறந்து, பேசுவதற்கென்றே ஆற்றுப்படுத்துநரை உட்கார வைத்தது இதே தமிழ்நாடுதான். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் நரம்பியல் பிரிவுக்கென்றே ஒரு சமூகப் பணியாளரை நியமித்து, திருவொற்றியூர், எண்ணூர் வரை வீடுகளுக்கு அனுப்ப வேண்டும் என்பதே என் கோரிக்கை.

உங்களிடம் கேட்பது மூன்று. எம்.எஸ்.டபிள்யூ. படித்த என் மாணவர்களே, மாதம் ஒரு ஞாயிறு நம் பகுதியில் இப்படி ஒரு வீட்டுக்குப் போய் வாருங்கள். கட்சியிலும் சங்கத்திலும் இருப்பவர்களே, இந்தக் கோரிக்கையைக் கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் எழுத்தில் கொடுங்கள். மற்றவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கவனியுங்கள். கையெழுத்து வரவரச் சின்னதாகிறதா, கருவாடு வறுத்தாலும் வாசம் தெரியவில்லையா, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருக்கிறதா? வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் தெருவில் இப்படி யாராவது இருந்தால், பெயர் போடாமல் என்ன உதவி தேவை என்று மட்டும் கீழே எழுதுங்கள். சேர்ந்து செய்வோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்