மாமல்லபுரத்துக்கு ஒரு முழுநாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒருநாள் சுற்றுலாக்களின் அவசரத்தைக் கண்டித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையின் அபிப்பிராயத்தை நான் முழுமனத்துடன் ஆமோதிக்கிறேன்.

காட்டுப்பள்ளியிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, எண்ணூர்ச் சாலையின் கன்டெய்னர் லாரி நெரிசலைக் கடந்து, அத்தகைய ஒரு சுற்றுலாவில் குடும்ப சகிதமாக மாமல்லபுரம் சேர்ந்த எங்களை, வழிகாட்டி அர்ச்சுனன் தபசு என்னும் பாறைச் சிற்பத்தின் முன்னே நிறுத்தி, பல்லவர் கால அற்புதம் என்றும், 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது என்றும் இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டார். பெரிய யானையருகே, பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் புரியும் பூனையையும், அதைச் சூழ்ந்துள்ள எலிகளையும் நான் என் பிள்ளைகளுக்குக் காட்ட முற்படுகையிலேயே, பஸ்ஸுக்குத் திரும்பும்படி விசில் ஊதப்பட்டது. பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில், பால் கறக்கப்படும்போதே கன்றை வாத்ஸல்யத்துடன் நக்கும் பசுவைத் தரிசிக்கும் பாக்கியமோ எவருக்கும் கிட்டவில்லை. ஆனால் சங்குமாலைக் கடைகளுக்கு மட்டும் தாராளமாக அவகாசம் இருந்தது.

ஆகவே, காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் ஒரே நாளில் திணிக்காமல், கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், தபசுப் பாறை ஆகியவற்றுக்கே ஒரு முழுநாளை ஒதுக்கி, சிற்பங்களைத் தமிழில் விஸ்தாரமாக விளக்கவல்ல, பயிற்சிபெற்ற வழிகாட்டிகளை நியமிக்குமாறு சுற்றுலா நடத்துவோரையும், அதனை நிபந்தனையாக்குமாறு அரசாங்கத்தையும் தங்கள் இதழின் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்டுப்பள்ளி.