கொடுக்கும் கையும் எடுக்கும் கையும்

தேர்தல் மேடையில் கொடுக்கும் வாக்குறுதிக்கு ரசீது கிடையாது. ஆட்சிக்கு வந்தபின் போடுகிற முதல் பட்ஜெட்தான் அதற்கு ரசீது. யாருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது அதன் முன்பக்கத்தில் இருக்கும். யாரிடம் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்பது பின்பக்கத்தில் இருக்கும். பின்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

கர்நாடகத்தில் 2023-ம் ஆண்டு நடந்தது இதற்குத் தக்க உதாரணம். அந்த ஆண்டு மே மாதம் நடந்த சட்டசபை தேர்தலில் காங்கிரஸ் கட்சி ஐந்து உத்தரவாதங்களைக் கொடுத்தது. பெண்களுக்கு அரசு பஸ்களில் இலவசப் பயணம். வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை இலவச மின்சாரம். குடும்பத் தலைவிக்கு மாதம் ரூ.2 ஆயிரம், ஏழைக் குடும்பங்களில் ஆளுக்கு 10 கிலோ அரிசி, வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் ரூ.3 ஆயிரம், டிப்ளமோ படித்தவருக்கு ரூ.1,500. மொத்தம் 224 இடங்களில் 135 இடங்கள் அந்தக் கட்சிக்குக் கிடைத்தன.

ஜூலை 7-ந் தேதி புதிய சர்க்காரின் பட்ஜெட் வந்தது. நிதி இலாகாவையும் தம்மிடமே வைத்திருந்த முதல்-மந்திரி சித்தராமையா அதை சமர்ப்பித்தார். மொத்தத் தொகை சுமார் ரூ.3 லட்சத்து 27 ஆயிரம் கோடி. ஐந்து உத்தரவாதங்களுக்கும் ஆண்டுக்கு ஆகும் செலவு சுமார் ரூ.52 ஆயிரம் கோடி. அதாவது, ரூபாய்க்கு 16 காசு.

உடனே விவாதம் மூண்டது. கஜானா காலியாகிவிடும், சாலைக்கும் பாசனத்துக்கும் பணம் மிஞ்சாது என்றன எதிர்க்கட்சிகள். ஏழையின் கையில் பணம் புழங்கினால் கடைத்தெருவில் வியாபாரம் பெருகும் என்றது ஆளும் கட்சி. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இலவசம் கூடாது என்று பேசிய கட்சியும் பிற மாநிலங்களில் சும்மா இருக்கவில்லை. மராட்டியத்தில் பா.ஜ.க. கூட்டணி ஆட்சி 2024-ல் பெண்களுக்கு மாதம் ரூ.1,500 கொடுக்க ஆரம்பித்தது. ஆகவே, கொடுப்பது சரியா, தவறா என்ற சண்டையை எந்தக் கட்சியும் மனப்பூர்வமாக நடத்தவில்லை. எங்கிருந்து எடுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி.

எங்கே எடுக்கிறார்கள்?

2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தபின், சோப்புக்கோ துணிக்கோ ஒரு மாநிலம் தன்னிச்சையாக வரியைக் கூட்ட முடியாது. மாநிலத்தின் கையில் மிஞ்சிய முக்கிய வரிகள் சிலவே: மது, பெட்ரோல், டீசல், பத்திரப் பதிவு, வாகன வரி. புதிய சர்க்கார் எதுவானாலும், எவ்வளவு பெரிய வாக்குறுதி கொடுத்திருந்தாலும், இந்தச் சில குழாய்களில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

கர்நாடகத்திலும் அதுதான் நடந்தது. 2023 ஜூலை பட்ஜெட்டிலேயே மது வகைகளின் 18 விலைப் படிகளுக்கும் கூடுதல் கலால் வரி 20 சதவீதம் உயர்ந்தது. பீருக்கு 175 சதவீதமாக இருந்த வரி 185 ஆயிற்று. 2024 ஜூன் மாதம் பெட்ரோல், டீசல் மீதான விற்பனை வரி கூடி, லிட்டருக்கு சுமார் ரூ.3 ஏறியது. 2025 ஜனவரியில் பஸ் கட்டணம் 15 சதவீதம் உயர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் டீசல் வரி மறுபடியும் ஏறியது.

சர்க்கார் தரப்பிலும் சமாதானம் இருந்தது. வரி கூடிய பிறகும் பக்கத்து மாநிலங்களைவிட இங்கே விலை குறைவு என்றார்கள். மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகையில் கர்நாடகத்தின் பங்கு 14-வது நிதிக் கமிஷன் காலத்தில் 4.71 சதவீதமாக இருந்தது, 15-வது கமிஷன் காலத்தில் 3.64 சதவீதமாகக் குறைந்துபோனதைச் சுட்டிக்காட்டினார்கள். 2024 பிப்ரவரியில் முதல்-மந்திரியே டெல்லி சென்று ஜந்தர் மந்தரில் போராட்டம் நடத்தினார். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தப் பங்கு குறைந்துபோன விஷயம் வாக்குறுதி கொடுப்பதற்கு முன்பே தெரிந்த விஷயம்தானே?

இரண்டு குடித்தனங்கள்

கோடிகளை விட்டுவிட்டு, பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ ஒரு வாடகை வீட்டை நினைத்துப் பார்ப்போம். கணவன் கட்டட வேலைக்குப் போகிறான். மனைவி இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறாள். குழந்தைகள் இரண்டு. ரேஷன் கார்டும் ஆதார் அட்டையும் கர்நாடக முகவரியில் இருக்கின்றன.

அவள் கையில் மாதம் ரூ.2 ஆயிரம் வருகிறது. பஸ்ஸுக்குக் காசு வேண்டாம். மின்சாரக் கட்டணம் இல்லை. கூடுதல் 5 கிலோ அரிசி கிடைக்காததால் 2023 ஜூலையில் கிலோவுக்கு ரூ.34 வீதம் பணமாகத் தர ஆரம்பித்தார்களே, அந்தக் கணக்கில் நாலு பேருக்கு அப்போது மாதம் ரூ.680 கிடைத்தது. இதை இலவசம் என்று ஏளனம் செய்பவர்கள், மாதக் கடைசியில் அவள் வீட்டு அடுப்பைப் பார்த்ததில்லை.

ஆனால் அதே வீட்டில் கணவன் பஸ் ஏறினால் கூடுதல் கட்டணம். லாரியில் வரும் காய்கறியின் விலையில் டீசல் வரியும் சேர்ந்தே வருகிறது. அவன் குடிப்பவனாக இருந்தால், ஒவ்வொரு குவார்ட்டரிலும் கஜானாவுக்குக் கப்பம் கட்டுகிறான். அவன் குடியை விட வேண்டும் என்பது மனைவியின் பிரார்த்தனை. அவனைப் போன்றவர்கள் எல்லோரும் விட்டுவிட்டால், அவளுக்கு ரூ.2 ஆயிரம் கொடுக்கும் கஜானாவே ஆட்டம் காணும். இப்படி ஒரு சிக்கலில் நிற்கும் திட்டத்தை நிரந்தரம் என்று நம்புவது எப்படி?

இனி அடுத்த வீடு. அதே வேலை, அதே கூலி. தர்மபுரிப் பக்கத்திலிருந்தோ திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தோ பிழைக்க வந்தவர்கள். ரேஷன் கார்டும் ஆதார் முகவரியும் இன்னும் ஊரில். பஸ்ஸில் கண்டக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு அவளிடம் காசு கேட்கிறார். ரூ.2 ஆயிரமும் இல்லை. ஆனால் டீசல் வரியும் பஸ் கட்டண உயர்வும் இந்த வீட்டுக்கும் உண்டு. வரி முகவரி கேட்பதில்லை. சலுகைதான் முகவரி கேட்கிறது.

இதில் மொழிப் பாகுபாடு இருப்பதாக யாரும் தவறாக எண்ண வேண்டாம். கர்நாடக முகவரியில் அட்டை வைத்திருக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு மற்றவர்களைப் போலவே எல்லாம் உண்டு. எல்லா மாநிலங்களிலும் இதுதான் முறை. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ரூ.1,000 மகளிர் உரிமைத் தொகைக்கும் அந்த மாநில ரேஷன் கார்டுதான் ஆதாரம். அங்கே ஒரு கார்டு, இங்கே ஒரு கார்டு என்று வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். ஆகவே, ஊரையும் பிழைக்க வந்த இடத்தையும் தராசில் வைத்து, எது நிரந்தரம் என்று ஒவ்வொரு குடும்பமும் தீர்மானித்துக்கொள்வது நல்லது. பத்து வருஷம் இங்கே வேலை செய்து, பிள்ளைகளை இங்கேயே படிக்கவைத்துவிட்டு, அட்டையை மட்டும் ஊரில் விட்டுவைப்பவர்கள் இங்கே வரி கட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி

2024 அக்டோபர் மாதக் கடைசியில் காங்கிரஸ் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே, பட்ஜெட்டுக்குத் தக்கபடிதான் வாக்குறுதி கொடுக்க வேண்டும் என்று தம் கட்சியினருக்கே பகிரங்கமாக அறிவுரை சொன்னார். நல்ல வார்த்தை. அதைத் தேர்தலுக்குப் பிறகு சொல்லாமல், தேர்தல் அறிக்கை எழுதும்போதே எல்லாக் கட்சிகளும் கடைப்பிடிக்க வேண்டும்.

வாக்குறுதி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு வரி போதும். ஆண்டுக்கு இவ்வளவு செலவு. இன்ன வரியைக் கூட்டி, அல்லது இன்ன செலவைக் குறைத்து, அதை ஈடுகட்டுவோம். இப்படி எழுத எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. எழுதினால் ஓட்டு குறையும் என்ற பயம்தான் தடை. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர்கள் வாக்காளர்களே. இந்த மாநிலத்தில் ஓட்டுரிமை உள்ள தமிழர்களும் அதில் சேர்ந்தவர்களே. ஓட்டுக் கேட்டு வருபவரிடம், என்ன தருவீர்கள் என்று கேட்பதோடு, எதிலிருந்து தருவீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

பெண்களுக்குக் கண்டக்டர் கொடுக்கும் பூஜ்ய ரூபாய் டிக்கெட்டுக்கும் ஒரு விலை உண்டு. அதை யாரோ ஒருவர் கொடுக்கிறார். அவர் கொடுப்பதில் தவறில்லை; வசதி உள்ளவர் கொடுத்து இல்லாதவர் பயணம் செய்தால் அதுதான் நல்ல ஆட்சி. இல்லாதவரே அதையும் கொடுக்கிறார் என்றால், கொடுக்கிற கையைப் பாராட்டுவதற்கு முன் எடுக்கிற கையையும் பார்க்க வேண்டும்.