காகிதக் கல்

படித்து எறிந்த செய்தித்தாளைப் பயனற்றதென்று கருதுதல் தவறு. அதனை நீரில் ஊறவைத்து அரைத்து, சிமெண்டும் மணலும் கலந்து, அச்சில் வார்த்து, வெயிலில் உலர்த்தினால் கனம் குறைந்த கட்டடக் கல் கிடைக்கும். அமெரிக்க நாட்டின் நியூ மெக்சிகோ, அரிசோனா ஆகிய வறண்ட பகுதிகளில் 1990-களில் சிலர் இக்கல்லைக் கொண்டு தம் கைகளாலேயே எளிய இல்லங்களை எழுப்பினர். காகிதத்தின் நுண்ணிய நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கல்லைப் பிணிக்கின்றன. அவற்றிடையே தங்கும் காற்று வெளிவெப்பம் உள்ளே புகாமல் தடுக்கின்றது.

ஆயினும், நீரை உறிஞ்சுதல் இக்கல்லின் பெருங்குறை. உயர்ந்த அடித்தளமும், சுவருக்கு வெளியே நீண்ட கூரையும், நல்ல மேற்பூச்சும் இல்லையேல் சுவர் பூஞ்சணம் பிடித்து நலியும். ஆகவே, மழை மிகுந்த நாட்டினர் இதனைக் கண்மூடிப் பின்பற்றுதல் அறிவுடைமை ஆகாது. எளிய பொருள் இழிந்த பொருளன்று. அதன் இயல்பறிந்து ஆள்வாரே சிக்கனத்தின் பயனை எய்துவர்.