குரவைக் களமும் ஒலிபெருக்கித் தூணும்

குமாரபாளையத்தில் குடியிருப்பவனுக்கு ஓசையைப் பற்றிப் பேசச் சிறிது உரிமை உண்டு. காவிரிக்கு இக்கரையில் எங்கள் ஊரும் அக்கரையில் பவானியும் எதிரெதிர் நிற்கின்றன. பவானிக்குக் கைத்தறி விரிப்பால் பெயர். எங்களுக்கோ விசைத்தறியே வாழ்வு. விடியலில் எழும் தறியோசை நள்ளிரவிலும் ஓய்வதில்லை. பட்டறைக்குள் இருவர் உரையாடுவதைப் பார்த்தவர் அறிவர். வாயசைவாலும் கைக்குறியாலுமே பேசிக்கொள்வர். இருபது ஆண்டு தறியோட்டியவர் வீட்டுக்கு வந்தும் உரக்கவே பேசுவார். மனைவி மெல்லக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அவரைச் சினக்காரர் என்று அயலார் எண்ணுவர். உண்மையில் அவர் கூலிக்காகச் செவியை இழந்தவர்.

இத்தகைய ஊரில் திருவிழா வந்தால் செவிக்குச் சற்று ஓய்வு கிடைக்கும் என்று எண்ணுவீர்கள். நடப்பதோ வேறு. சில தறிகள் நிற்கும்; அவற்றைத் தோற்கடிக்கும் ஒலிபெருக்கித் தூண்கள் எழுந்து நிற்கும். ஆளுயரத்துக்கு இருமடங்காக அடுக்கிய கரும்பெட்டிகளுக்கு நடுவே, ‘ஆர்க்கெசுட்ரா’ என்று மக்கள் அழைக்கும் மெல்லிசைக் குழு பாடும். நெஞ்சாங்கூடு அதிரும், பாட்டின் சொல் ஒன்றேனும் விளங்காது. கைக்குழந்தையின் இரு காதையும் பொத்தியபடி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாயைக் கண்டு, எழுந்து போகவும் மாட்டாமல் இருக்கவும் மாட்டாமல் நான் நின்ற ஆண்டுகள் பல.

2012ஆம் ஆண்டு மாசித் திருவிழா மட்டும் வேறாக அமைந்தது. தமிழ்நாட்டையே மின்வெட்டு வாட்டிய காலம் அது. எங்கள் தெரு அம்மன் கோயில்முன் பாட்டு உச்சத்தில் இருந்தபோது மின்னோட்டம் நின்றது. குழுவினர் கொண்டுவந்திருந்த மின்னாக்கியும் இருமுறை இருமிவிட்டு அடங்கிற்று. பக்கத்துத் தெருக்களில் ஓடிய தறிகளும் அதே நொடியில் நின்றன. அப்படியோர் அமைதியை எங்கள் ஊரில் நான் அதற்குமுன் கேட்டதில்லை. அமைதியைக் கேட்க முடியுமா என்று வினவுவோர் ஒருநாள் இங்கு வந்து தங்கிப் பார்க்கட்டும்.

கூட்டம் முணுமுணுத்தது, சிலர் எழுந்தனர். அப்போது பின்வரிசையில் குந்தியிருந்த அம்மையார் ஒருவர், தார் சுற்றிப் பிழைப்பவர், அறுபது அகவைக்குக் குறையாதவர், ஒரு கும்மிப்பாட்டை எடுத்தார். கரகரத்த குரல். இரண்டாம் அடிக்கு அருகிருந்த பெண்கள் கைகொட்டினர். நான்காம் அடிக்குத் தெருவே பின்பாட்டுப் பாடிற்று. மெல்லிசைக் குழுவின் தாளக்காரர் தம் கருவியைத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவந்து அவர்கள் நடுவே அமர்ந்தார். முக்கால் மணி நேரம் பாட்டு நடந்தது. பிறகு விளக்குகள் எரிந்தன, பெட்டிகள் உறுமின, பாட்டு நின்றது. அம்மையார் நாணத்தோடு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

இசையை நேரில் இருந்து சுவைப்பது என்றால் என்ன என்று அன்றிரவு எண்ணத் தொடங்கினேன். விடை, நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவந்த நூலிலேயே இருந்தது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையைப் பலமுறை கற்பித்திருந்தும் அதன் பொருள் எனக்கு அந்த மின்வெட்டில்தான் விளங்கிற்று. கோவலன் மதுரை நகருக்குள் சென்றிருக்கிறான். ஆயர்பாடியில் தீக்குறிகள் தோன்றுகின்றன. குடத்துப் பால் உறையவில்லை. ஏற்றின் கண்ணில் நீர் சோர்கிறது. மாதரி அழுது புலம்பவில்லை. கண்ணகி காணக் குரவை ஆடுவோம் என்கிறாள். ஏழு பெண்களை நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசையின் பெயர்களையே அவர்களுக்கு இடுகிறாள். அவர்கள் வட்டமாய் நின்று கைகோத்துப் பாடுகின்றனர். யாழ் எங்கே, குழல் எங்கே என்று தேட வேண்டா. அப்பெண்களே நரம்பு. அச்சம் சூழ்ந்த வேளையில் ஒரு சேரி மக்கள் தமக்குத் தாமே செய்துகொண்ட மருந்து அது.

அரங்கு என்று தனியே அமைத்தபோதும் நம் முன்னோர் அளவோடு அமைத்தனர். அரங்கேற்று காதை கூறும் மேடை ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையது. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தவேண்டும் என்பதையும் இளங்கோவடிகள் சொல்ல மறக்கவில்லை. நிழலுக்கே அத்துணைக் கவலை! நாமோ தூணையே நட்டு அதனால் பாட்டை மறைக்கிறோம்.

நம் கொங்குப் பகுதியில் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பல இரவு பாடும் வழக்கமும் இவ்வகையதே. 1965இல் பிரெந்தா பெக்கு என்னும் அயல்நாட்டு ஆய்வாளர் காங்கேயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி, பதினெட்டு இரவு பாடிய அக்கதையை ஒலிப்பதிவு செய்தார். பின்பாட்டுக்காரர் இல்லாமல் அக்கதை நகராது. கேட்போர் ‘உம்’ கொட்டாவிட்டாலும் நகராது.

பின் எப்போது நாம் வாய்மூடிக் கேட்போர் ஆனோம்? 1940களின் தமிழிசை இயக்கத்தைக் குறைகூற எனக்கு நாவெழாது. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடு இசையரங்குகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் கேட்டது. 1943இல் அண்ணாமலை அரசரின் முயற்சியால் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. 1947இல் விபுலானந்த அடிகளின் ‘யாழ்நூல்’ அரங்கேறிற்று. தமிழ்நாட்டில் தமிழில் பாடுவதற்கே ஒரு போராட்டம் வேண்டியிருந்தது என்றால் இன்றைய மாணவர் நம்புவதில்லை. 1946இல் திருவையாற்று விழாவில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதற்கு எழுந்த முகச்சுளிப்பைச் சொன்னால் சிரிக்கின்றனர். அவர்கள் சிரிக்கும் நிலை வந்ததே அவ்வியக்கத்தின் வெற்றி. ஆயினும் ஒன்று சொல்வேன். அவ்வியக்கம் மேடையைத் தமிழுக்கு மீட்டது; கீழே இருந்தவர் வாயை மீட்கவில்லை. மேடைமேல் தமிழ் ஒலித்தது. கீழே தமிழன் தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான்.

அவ்வாயை இன்று திறந்திருப்பவர் யார் என்று பார்த்தால், நான் நெடுநாள் எள்ளி வந்த கூட்டத்தாரே. திரையிசையமைப்பாளர்கள் திறந்தவெளியில் நடத்தும் பேரரங்குகளைப் பணம் பறிக்கும் வேலை என்றே வகுப்பில் சொல்லிவந்தேன். சான்றும் இல்லாமல் இல்லை. 2023 செப்டம்பர் 10இல் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ. ஆர். இரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி நடந்தபோது, சீட்டு வாங்கியவருள் பலர் உள்ளே நுழைய இயலாமல் திரும்பினர். நெரிசலில் பெண்கள் தொல்லையுற்றனர். உள்ளே வர இயலாதோர் தம் சீட்டின் படியை அனுப்புமாறு இரகுமானே கேட்க நேர்ந்தது. இதைக் காட்டி நான் என் மகளைத் தடுத்தும் பார்த்தேன். கல்லூரியில் படிக்கும் அவள், அடுத்த ஆண்டு கோவையில் நடந்த வேறோர் அரங்குக்குத் தோழியரோடு சென்று தொண்டை கட்டித் திரும்பினாள்.

“பாட்டுக் கேட்கப் போனவளுக்கு ஏன் தொண்டை கட்டுகிறது?” என்றேன்.

“கேக்கறதுக்கு வீட்லயே கேட்டுக்கலாமுங்கப்பா. எல்லாருங் கூடச் சேந்து பாடறதுக்குத்தானுங்க போனேன்” என்றாள்.

எனக்கு மறுமொழி வரவில்லை. பல்லாயிரம் இளையோர் ஒரு பாட்டை முதலடி தொடங்கி ஈற்றடி வரை ஏட்டைப் பாராமல் பாடினராம். பாடகர் ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டுச் சும்மா நின்றாராம். செய்யுட்பகுதியில் எட்டடி ஒப்பிக்கச் சொன்னால் முகம் வாடும் அதே பிள்ளைகள்! குறை அவர்களிடம் இல்லை. செய்யுளிலிருந்து ஓசையை உரித்தெடுத்து நான் கற்பித்தேன். செப்பலும் அகவலும் துள்ளலும் தூங்கலும் என் வகுப்பில் இரண்டு மதிப்பெண் வினாவாக இருந்தன. யாருடைய வாயிலும் இருந்ததில்லை. இப்போது பாடியே நடத்துகிறேன். என் குரல் நல்ல குரலன்று. அதுவும் நன்மையாயிற்று, ஆசிரியரை விட நன்றாகப் பாடிக் காட்டவேண்டும் என்று பிள்ளைகள் முந்துகின்றனர்.

அத்திரைப்பாட்டுகளில் ஆங்கிலம் மிடைந்து கிடப்பதை நான் ஏற்றுக்கொண்டதாக யாரும் எண்ண வேண்டா. எழுதுவோரிடம் அவ்வழக்கை விடமாட்டேன். பாடும் பிள்ளையிடம் தொடுக்க மாட்டேன்.

எங்கள் ஊரிலும் ஒரு பாட்டுக்கூட்டம் இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. தறியோட்டும் இளைஞர் பத்துப் பன்னிருவர், ஓய்வு கிடைக்கும் மாலைகளில் காவிரிப் படித்துறையில் கூடி இளையராசாவின் பழைய பாட்டுகளைப் பாடுகின்றனர். தாளத்துக்கு ஒரு நெகிழிக் குடம். ஒருவருக்கு அடி மறந்தால் மற்றவர் எடுத்துக் கொடுக்கிறார். அவர்களுள் ஒருவருக்கு முப்பது அகவைக்குள்ளேயே ஒரு காது மந்தமாகிவிட்டது. அவர் எப்போதும் பாடுபவரின் எதிரே அமர்வார், வாயைப் பார்த்துக்கொண்டே சேர்ந்து பாடுவார், பிழை மிகுதியில்லை. கோயில் மேடைக்கு ஏன் வருவதில்லை என்று அவரைக் கேட்டேன். அங்கே இரைச்சல் மட்டும் கேட்கிறது, பாட்டுக் கேட்கவில்லை என்றார். கேட்கும் காதுடைய எனக்கும் அதே நிலைதான் என்பதை அவரிடம் சொன்னேன்.

கும்மிக்கு இன்று நம் மாவட்டங்களில் புதுவாழ்வு வந்திருப்பதை மகிழ்ந்து சொல்லவேண்டும். ஆடவர் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்பித்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் 2024இல் தாமரைத்திரு விருது பெற்றார். ஊர்தோறும் சிறுமியரும் பாட்டிமாரும் ஒரே வரிசையில் அடியெடுத்து வைக்கின்றனர். என் மனக்குறை ஒன்றே. பல களங்களில் ஆடுவோர் கைகால் மட்டும் அசைகிறது. பாட்டு ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. கும்மியும் வாய்மூடிப் போனால் எஞ்சுவது உடற்பயிற்சி. இன்னொன்று: கும்மிக் களத்தின் வட்டம் எந்தச் சாதிக்கும் வேலியாகிவிடக் கூடாது. கைகோக்க மறுப்பவர்க்குக் குரவை இல்லை.

கூடிப் பாடுவதெல்லாம் பொழுதுபோக்குத்தானே என்பார் உளர். பால்டிக்குக் கடலோரத்து எசுத்தோனியாவை அவர்கள் அறியவேண்டும். நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ 13 இலக்கம். நம் நாமக்கல் மாவட்டமே 2011 கணக்கெடுப்பில் 17 இலக்கத்தைத் தாண்டிற்று. அச்சிறு மக்களினம் உருசியப் பேரரசின்கீழ் இருந்த 1869இல் தார்த்து நகரில் தன் முதல் பாட்டுவிழாவை நடத்திற்று. இன்றும் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை தாலின் நகரத்துப் பாட்டுத்திடலில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒருங்கே நின்று பாடுகின்றனர். தையற்காரரும் உழவரும் பள்ளிப்பிள்ளைகளும் சேர்ந்த கூட்டம் அது. சோவியத்து ஆட்சி நடந்த 1988ஆம் ஆண்டுக் கோடையில் மக்கள் இரவிரவாக அதே திடலில் கூடித் தம் மொழிப் பாட்டுகளைப் பாடினர். 1991இல் நாடு விடுதலை பெற்றது. அப்போராட்டத்தைப் பாடும் புரட்சி என்றே வரலாறு குறிக்கிறது. அங்கே மேடைக்கும் திடலுக்கும் நடுவே கரும்பெட்டி மதில் இருந்திருந்தால், ஒருவர் பாடுவதை அடுத்தவர் கேட்டிருக்க முடியுமா?

இரைச்சலை அடக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டு நெறிமுறைப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 தெசிபெல், இரவில் 45 தெசிபெல்தான் அளவு. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழா நாள்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. தொழிற்கூடத்தில் எட்டு மணி நேர வேலைக்கு 90 தெசிபெல் எல்லை. இசையரங்குகளுக்கென உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் வகுத்த அளவு, கால்மணி நேர நிரவலாக 100 தெசிபெல். செவியடைப்பான் தரவேண்டும், ஓய்வுக்கு அமைதியிடம் வேண்டும் என்றும் அது கூறுகிறது. தெசிபெல் பத்துக் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும் என்பதை விழாக்குழுவினர் அறிந்திருந்தால், பெட்டிக்குமேல் பெட்டி அடுக்கப் போட்டியிட மாட்டார்கள்.

இவ்வாண்டு ஆடிப் பதினெட்டுக்கு ஒரு வேண்டுகோளோடு எங்கள் தெரு விழாக்குழுவிடம் சென்றேன். படித்துறையில் ஒருமணி நேரம் மட்டும் ஒலிபெருக்கியை நிறுத்திவையுங்கள். யார் வேண்டுமாயினும் பாடட்டும், எல்லாரும் சேர்ந்து பாடட்டும் என்றேன். “ரேடியோ செட்டு இல்லீன்னா கூட்டம் நிக்காதுங்க ஐயா” என்றார் குழுவின் மூத்தவர். 2012ஆம் ஆண்டு இரவை நினைவூட்டினேன். அவர் அன்று கைகொட்டிப் பாடியவருள் ஒருவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒருமணி வேண்டா, அரைமணி பார்ப்போம் என்றார்.

அரைமணியை இப்போதைக்கு ஏற்றுக்கொண்டேன். முதற்பாட்டை யார் எடுப்பது என்பதில்தான் வழக்கு. தார் சுற்றும் அம்மையாரே எடுக்கவேண்டும் என்று பெண்கள் ஒரே பிடியாக நிற்கின்றனர். படித்துறை இளைஞர் அதற்கு இசைந்துவிட்டனர். இரண்டாம் பாட்டு தங்களுடையது என்று மட்டும் உறுதி கேட்கின்றனர். அம்மையாரோ, தொண்டை சரியில்லை என்று சொல்லிக்கொண்டே நாள்தோறும் மாலையில் வாசலில் அமர்ந்து பாடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.