வெயிலும் நம் உடல்நலமும்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்தனர் பண்டைத் தமிழர். இதைத் தமிழ் வகுப்பில் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழும் நமக்கு வெயில், கடும் வெயில், கொஞ்சம் மழை என மூன்றே பருவங்கள்தாமே என்று ஒருத்தி சொல்ல, ஆசிரியையும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

காரணம், மேற்கே நிற்கும் மலை. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் மழையில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே இறக்கிவிடுகிறது. ஆனி, ஆடியில் நமக்குக் காற்று கிடைக்கும். அதிர்ஷ்டமிருந்தால் சாரலும் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் கண்மாய் நிறையும். ஆனால் இந்த வறட்சியை முற்றிலும் பழிப்பதற்கில்லை. நம் மாவட்டத்துச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதற்கு இந்த உலர்ந்த காற்றும் ஒரு காரணம். நம்மவருக்குச் சோறு போடுவதும் இந்தச் சீதோஷ்ணம்தான், சோர்வைத் தருவதும் இதுதான்.

நம் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். வெளியே எவ்வளவு அனல் அடித்தாலும் உடல் இந்த அளவைக் காக்கவே பாடுபடுகிறது. அதற்கு அது கையாளும் வழி வியர்வை. வியர்வை ஆவியாகும்போது உடலின் சூட்டையும் எடுத்துச் செல்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். பானை கசியக் கசிய நீர் குறையும். நாம் மீண்டும் ஊற்றி வைக்கிறோம். உடலுக்கு ஊற்றாவிட்டால் என்னவாகும்? இரத்தத்தின் அளவு குறைந்து இதயம் விரைந்து துடிக்கிறது, தலை சுற்றுகிறது. சிறுநீரகம் இருக்கும் நீரைச் சிக்கனம் பிடிப்பதால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகிறது. நாளடைவில் கல் உண்டாகவும் கிருமிகள் தங்கவும் அது வழிசெய்கிறது. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி நினைவும் தடுமாறினால், அது உயிருக்கே ஆபத்தான வெயில் தாக்கு.

வெயிலின் கொடுமையால் 2023-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும் நாளே தள்ளிப் போயிற்று. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களுள் ஒன்றாக அறிவித்தது.

நிற்க. நாங்கள் எழுத வந்த செய்திக்கு வருகிறோம்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள், காலை வழிபாட்டின்போது எங்கள் வகுப்புத் தோழி மயங்கி விழுந்தாள். "சாப்பிட்டாயா?" என்று எல்லாரும் கேட்டோம். சாப்பிட்டிருந்தாள். "தண்ணீர் குடித்தாயா?" என்று கேட்டவர் எங்களில் ஒருவருமில்லை. அவள் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள். காலையில் எழுந்தது முதல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மருத்துவர் சோதித்துப் பார்த்துச் சிறுநீர்த் தொற்று என்றார். குளிர்காய்ச்சலோடு பத்து நாள் படுத்துவிட்டாள். இதை எழுத அவள் சம்மதம் தந்திருக்கிறாள். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

அவள் நலமாகி வந்த பின், ஒரு மாலை கடைசி மணி அடித்ததும் எங்கள் தண்ணீர்ப் பாட்டில்களை வராந்தாவில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது. காலையில் அம்மா நிரப்பித் தந்ததை மாலையில் பத்திரமாகத் திருப்பி எடுத்துச் செல்கிறோம்! யாருக்கும் தாகம் இல்லாமலில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்ற பயம்தான். பாடத்தின் நடுவே வகுப்பறியக் கையை உயர்த்தக் கூச்சம். இடைவேளையிலோ நீண்ட வரிசை. பிற்பகலில் வாளியில் தண்ணீர் இருக்குமா என்ற சந்தேகம். மாதத்தில் சில நாள்களில் இத்தயக்கம் இன்னும் கூடும் என்பதை விரித்து எழுத வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, "பஸ்ஸில் போகிறாய், தண்ணீரை ரொம்பக் குடிக்காதே" என்று சொல்லியனுப்புவோர் நம் அன்னையரே. அவர்களைக் குறை கூறவில்லை. அவர்களுடைய அன்னையர் அவர்களுக்குச் சொன்னது அதுவே.

வளர்ந்த பின்னும் இப்பழக்கம் விடுவதில்லை. நம் ஊரில் 1936-இல் இராஜபாளையம் மில் தொடங்கப்பட்டது முதல் நூற்பாலைகள் பெருகின. நூல் அறுந்து போகாதிருக்க ஆலைக்குள் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். ஈரக் காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது. வழிந்து கொண்டேயிருக்கும், உடலோ குளிராது. சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகளின் அருகில் நிற்பவரும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்காகப் பாலைக் கிண்டிக்கொண்டு அடுப்பின் முன் நிற்பவரும், காட்டில் களை எடுப்பவரும் வெப்பத்தை இருமுறை தாங்குகின்றனர். வெயிலுடையது ஒன்று, வேலையுடையது ஒன்று. இவர்களுள் பெண்களோ ஒதுங்க இடமில்லாத காரணத்தால் நீரையும் குறைத்துக் கொள்கின்றனர். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டில் 800 கருவுற்ற பெண்களிடம் நடத்திய ஆய்வு 2024-இல் வெளியாயிற்று. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு போன்ற ஆபத்துகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அது கூறுகிறது. இதைப் படித்தபோது எங்களில் சிலர் தங்கள் அக்காமார்களை நினைத்துக் கொண்டோம்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது கொசுவையும் சொல்லிவிடுகிறோம். மழைக்காலத்தில்தான் டெங்கு வரும் என்றில்லை. குழாயில் என்றோ ஒரு நாள் தண்ணீர் வரும் ஊரில் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம். அந்த நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. 2012-இல் நமக்குத் தெற்கேயுள்ள கடையநல்லூர் பட்ட பாட்டை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். டிரம்மை மூடி வைத்து, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் போதும்.

சித்திரை பிறந்தால் நம் தெருக்களில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறார்கள். வழிப்போக்கரின் தாகம் தீர்ப்பது நம் மண்ணின் பண்பு. விவிலியத்திலும், நண்பகலில் தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் ஆண்டவரே தாகத்துக்கு நீர் கேட்டார். அந்த உச்சி வெயிலில் ஏன் அவள் தனியே வந்தாள் என்று மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் கேட்டதுண்டு. பிற பெண்களின் பார்வைக்குக் கூசித்தான் என்று விளக்கம் சொல்வார்கள். கூச்சத்தால் வெயிலைத் தாங்கும் பெண் அன்றும் இருந்திருக்கிறாள்!

2019-இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடிக்கத் தொடங்கினார்கள். 2025-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் இந்த 'வாட்டர் பெல்' வந்தது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் மணி அடித்ததும் நாங்கள் செய்வதென்ன? ஒரு மிடறு குடித்து மூடியைத் திருகிவிடுகிறோம். தண்ணீருக்கு மணி அடித்தவர்கள், அடுத்த தேவைக்கு அடிக்க மறந்துவிட்டார்கள் என்பதே எங்கள் தாழ்மையான கருத்து. அந்த மணிக்குப் பின் ஐந்து நிமிடம், கை உயர்த்திக் கேளாமலே வெளியே சென்றுவர அனுமதி வேண்டும். இதனால் பாடம் கெடும் என்பார்கள். மூன்று முறை ஐந்து நிமிடம் போனால் நாளுக்குக் கால் மணி நேரம் போகும், உண்மைதான். எங்கள் தோழிக்குப் பத்து நாள் போயிற்றே! அரையாண்டுத் தேர்வுவரை அவள் கணக்கில் திணறியதை நாங்கள் அருகிலிருந்து பார்த்தோம்.

இந்த யோசனையை மதரிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாளியில் யார் தண்ணீர் நிரப்புவது? ஆயாம்மா ஒருவர்தானே இருக்கிறார்?" என்றார். நியாயமான கேள்வி. வகுப்புக்கு இருவராக முறை வைத்து, மதிய மணிக்குமுன் நாங்களே வாளிகளை நிரப்புகிறோம் என்று ஆயாம்மாவிடம் சொன்னோம். அவருக்கு மகிழ்ச்சிதான். "அதெல்லாம் சரி தாயி, பரீட்சை வந்தா நீங்க புஸ்தகத்தைத் தூக்கிட்டு ஓடிருவீங்களே, அப்ப யாரு ஊத்துவா?" என்று கேட்டார். ஒன்பதாம் வகுப்புத் தங்கையரிடம் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்.