கறுப்புக் கம்பியும் ‘வருதல்’ என்னும் வினைச்சொல்லும்

சென்ற சனிக்கிழமை மாலை, பெங்களூருவில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் கார் ஷெட்டில் விளக்கும் பிளக் பாயிண்டும் ஒரே நேரத்தில் செயலிழந்தன. மாடியில் வசிக்கும் வீட்டு உரிமையாளரின் மகன் தம் மின்ஸ்கூட்டருக்கு அந்தப் பாயிண்டில்தான் இரவுதோறும் சார்ஜ் ஏற்றுவார். “நான் பார்க்கிறேன்” என்று டெஸ்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்தச் சிறு வேலையில் நான் உயிர் பிழைத்தது தற்செயலே. அதற்கு என் அறியாமை ஒரு காரணம்; நாம் அன்றாடம் பேசும் மொழி இன்னொரு காரணம். மொழியியல் படிப்பவன் என்ற முறையில் இரண்டாவதைப் பற்றி எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். பதிவு நீளமானது, நண்பர்கள் பொறுத்தருள்க.

முதலில் பல்பை மாற்றினேன், எரியவில்லை. மெயின் போர்டில் எம்சிபி விழுந்திருக்கவில்லை. பிளக் பாயிண்டின் வலத்துளையில் டெஸ்டரை வைத்தேன், ஒளிர்ந்தது. அது பேஸ். ஆகவே ‘கரண்ட் வருகிறது’. வருகிறதென்றால் ஏன் எதுவும் இயங்கவில்லை? இடத்துளையிலும் வைத்தேன். அது நியூட்ரல், ஒளிரக் கூடாது. ஆனால் ஒளிர்ந்தது. சற்று நேரம் கழித்து மீண்டும் வைத்தபோது ஒளிரவில்லை. இடையில் விளக்கின் சுவிட்சை நானே அணைத்திருந்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பிருக்கும் என்று தோன்றவில்லை. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், “கரண்ட் ஜாஸ்தியா வருது போல” என்றார். நானும் தலையசைத்தேன்.

பிளக் பாயிண்டின் சுவிட்சையும் அணைத்துவிட்டு அதன் மூடியைக் கழற்றினேன். எம்சிபியை அணைக்கவில்லை, அணைத்தால் மாடியில் வைஃபை நின்றுவிடும் என்ற தயக்கம். சிவப்புக் கம்பியின் முனையில் டெஸ்டர் ஒளிரவில்லை. கறுப்புக் கம்பியிலும் ஒளிரவில்லை. கறுப்புத்தானே, நியூட்ரல்தானே என்று அதை விரலால் பிடித்து வெளியே இழுக்க எண்ணினேன். அந்தக் கணத்தில் உரிமையாளர் அம்மா ஷெட்டுக்குள் வந்து, “கரெண்ட் பந்த்தா?” என்று கேட்டபடியே விளக்கின் சுவிட்சைப் போட்டார். கறுப்புக் கம்பியின் மேல் இன்னும் எடுக்கப்படாமல் இருந்த டெஸ்டர் சிவப்பாக ஒளிர்ந்தது. இன்னும் இரண்டு விநாடி கழிந்திருந்தால் அவ்விடத்தில் டெஸ்டர் இருந்திருக்காது. என் விரல் இருந்திருக்கும்.

மறுநாள் காலை வந்த மின்பணியாளர் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழர். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் கருவியை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டார்: “லைட்டும் பாயிண்டும் ஒண்ணாப் போச்சா சார், ஒண்ணு பின்னால ஒண்ணாப் போச்சா?” ஒன்றாகத்தான் என்றேன். அப்படியானால் பல்பிலோ பாயிண்டிலோ குற்றம் தேட வேண்டியதில்லை. இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் தேட வேண்டும். பிறகு இடத்துளையில் டெஸ்டரை வைத்துக்கொண்டு, விளக்கின் சுவிட்சைப் போட்டு அணைக்கும்படி என்னிடம் சொன்னார். போட்டால் ஒளிர்ந்தது, அணைத்தால் இருண்டது. ‘படம்’, ‘பாடம்’ என ஓர் ஒலியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்துப் பொருள் வேறுபாட்டைக் கண்டறிவது எங்கள் துறையின் முதல் பாடம். அதே முறையை அவர் ஒரு சுவரின்மேல் செய்து காட்டினார்.

அடுத்து, இரண்டு கம்பி பொருத்திய டெஸ்ட் லாம்ப்பை வலத்துளைக்கும் இடத்துளைக்கும் இடையே வைத்தார், எரியவில்லை. மெயின் போர்டின் நியூட்ரலிலிருந்து நீளமான ஒயர் ஒன்றைக் கொண்டுவந்து, இடத்துளைக்குப் பதிலாக அதனுடன் இணைத்தார்; பளிச்சென்று எரிந்தது. பேஸ் நலமாக இருக்கிறது. ஷெட்டுக்கு வரும் நியூட்ரல் நடுவழியில் அறுந்திருக்கிறது. எம்சிபியை அணைத்துவிட்டு ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்ட பழைய இணைப்பு ஒன்று கருகிக் கிடந்தது. தளர்ந்த முறுக்கில் தடை கூடும். சார்ஜர் மணிக்கணக்கில் மின்சாரம் இழுக்கும்போது அவ்விடம் சூடேறும். சூட்டில் முறுக்கு மேலும் தளரும். கருகிய முனைகளை வெட்டி, கனெக்டர் வைத்து இறுக்கினார். நாற்பது நிமிட வேலை.

என்ன நடந்தது என்று கேட்டேன். “பேஸ் போகுது சார். போனது திரும்பி வர வழி அறுந்துபோச்சு. அதான் பல்பைத் தாண்டி வந்து அந்தக் கறுப்பு ஒயர்லயே நிக்குது.” மின்சுற்றைப் பற்றி நான் கேட்ட மிகத் தெளிவான தமிழ் வாக்கியம் இது.

இப்போது மொழிக்கு வருகிறேன். தமிழில் கரண்ட் ‘வரும்’, ‘போகும்’. கன்னடத்திலும் அப்படியே: ‘பந்த்து’, ‘ஹோய்த்து’. குழாயில் தண்ணீர் வருவதைப் போல, ஊரிலிருந்து விருந்தினர் வருவதைப் போல, மின்சாரம் ஒரு வழியாக நம் வீட்டுக்கு வந்து சேர்ந்து தீர்ந்துவிடுகிறது என்ற படிமம் இவ்வினைச்சொற்களில் உறைந்திருக்கிறது. அப்படிமத்தில் திரும்பிச் செல்லும் கம்பிக்கு இடமே இல்லை. ஆகவே நாம் கேட்கத் தெரிந்த கேள்வியும் ஒன்றே: வருகிறதா, இல்லையா? டெஸ்டரும் அந்த ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லும். பேஸ் இல்லாமை, நியூட்ரல் அறுந்தமை என்னும் இரண்டு வெவ்வேறு குறைகளுக்கும் நம் வீடுகளில் பெயர் ஒன்றுதான்: ‘கரண்ட் இல்லை’. இரண்டின் ஆபத்தும் ஒன்றல்ல.

பாடநூல் மொழி இதைத் திருத்தியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அக்கம்பியை ‘நடுநிலைக் கம்பி’ என்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘உயிர்க்கம்பி’, ‘நொதுமற்கம்பி’ என்கின்றன. நொதுமல் அழகிய பழஞ்சொல். பகையும் அன்று, நட்பும் அன்று என்ற பொருளில் பரிமேலழகர் அதை ஆள்கிறார். ஆனால் ஒன்றை ‘உயிர்’ என்றழைத்தால் மற்றது உயிரற்றது என்று மாணவர் கொள்வது இயல்பு. ‘நடுநிலை’ என்றாலும் தீங்கு செய்யாதது என்றே மனம் கொள்கிறது. தெருவின் மின்மாற்றியில் புவியோடு இணைக்கப்பட்டிருப்பதால்தான் நியூட்ரல் புவியின் மின்னழுத்தத்தை ஒட்டி நிற்கிறது. அந்த இணைப்பு நடுவில் அறுந்தால், அறுந்த இடத்துக்கு இப்பால் உள்ள கறுப்புக் கம்பி, எரியாத பல்பின் வழியாக 230 வோல்ட்டை ஏந்தி நிற்கும். 60 வாட் குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை 100 ஓம்முக்கும் குறைவு. அது நம்மைக் காக்காது. உடலின் தடை 2000 ஓம் என்று கொண்டாலும் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் உடலில் பாயும். வீட்டில் உயிர் காக்கப் பொருத்தும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்குமாறு அமைக்கப்படுகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பழைய வீட்டில் ஆர்சிசிபி இல்லை.

வீட்டு மின்சாரத்தின் திசை நொடிக்கு 100 முறை மாறுகிறதே, இதில் ‘போவது’ எது, ‘திரும்புவது’ எது என்று இயற்பியல் நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் திசை எத்தனை முறை மாறினாலும் சுற்று மூடியிருந்தாக வேண்டும் என்பதும், அறுந்த முனையில் அழுத்தம் காத்திருக்கும் என்பதும் மாறுவதில்லை. அவ்விரண்டையும் அண்ணனின் வாக்கியம் சொல்லிவிடுகிறது. ‘நடுநிலை’ என்ற சொல் சொல்லவில்லை. ‘மின்சுற்று’ என்ற நம் கலைச்சொல்லிலேயே ‘சுற்று’ இருக்கிறது. ஆனால் அது தேர்வுத்தாளோடு நின்றுவிட்டது. சுவிட்ச் போர்டு வரை வரவில்லை.

சிவசமுத்திரத்தில் 1902இல் உற்பத்தியான மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் கடந்து முதலில் சென்றது கோலார் தங்கவயலுக்குத்தான். பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பின், 1905இல். அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். மின்சாரத்தோடு நூறாண்டுக்கு மேல் பழகிய தமிழ் ஒன்று இப்பகுதியில் இருக்கிறது. தமிழும் கன்னடமும் தக்கணி உருதும் ஆங்கிலமும் கலந்த அந்தத் தொழில்மொழியைக் ‘கலப்பு’ என்று நம் துறைகள் எளிதாக ஒதுக்குகின்றன. கலைச்சொல் ஆக்குவோர் ஆங்கிலச் சொல்லை எதிரே வைத்து அதற்கு நிகர் தேடுகிறார்கள். கம்பியைக் கையில் பிடிப்பவர் அதை என்னவென்று விளங்கிக்கொண்டிருக்கிறார் என்று கேட்பதில்லை. ‘நியூட்ரல்’ என்ற ஆங்கிலப் பெயரின் குறையையும் சேர்த்தே நாம் மொழிபெயர்த்துக்கொண்டோம்.

புதிய சொல் ஒன்றை நான் முன்மொழியவில்லை. ‘நடுநிலைக் கம்பி’ என்றே இருக்கட்டும். ஆனால் அச்சொல் வரும் பக்கத்தில், ‘இது மின்சாரம் திரும்பும் வழி, அறுந்தால் இதுவும் தாக்கும்’ என்ற ஒரு வரி வேண்டும். கலைச்சொல் குழுக்களில் பேராசிரியர்களுக்கு அருகே உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் அமர வேண்டும். தொழில்மொழியை ஆய்வுப்பொருளாக எடுக்க விரும்பும் இளைய மாணவர்களிடம் ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று நெறியாளர்கள் கேட்காதிருக்க வேண்டும். உயிர் இருக்கிறது என்பதே என் விடை.

இதைப் படித்துவிட்டு டெஸ்டரோடு இறங்க எண்ணுவோருக்கு ஒரு வேண்டுகோள். விளக்கின் சுவிட்சை அல்ல, எம்சிபியை அணையுங்கள். வேறொருவர் போடாதவாறு வீட்டில் சொல்லிவையுங்கள். மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் டெஸ்டரைச் சோதித்த பின்பே அதன் இருளை நம்புங்கள். அப்போதும் முழுவதுமாக நம்பாதீர்கள். கறுப்புக் கம்பியையும் சிவப்பாகவே கருதுங்கள். மற்றதைப் பணி தெரிந்தவரிடம் விடுங்கள்.

வேலை முடிந்து விளக்கு எரிந்ததும் மாடியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: “கரெண்ட் பந்த்தா?” இத்தனையும் யோசித்த பிறகும், “பந்த்து அம்மா” என்றுதான் என் வாய் சொன்னது.