பீடி குடித்தால்தான் ஓய்வா?

விடிகாலையில் காரைக்குடிக்கு வருகிற முதல் பஸ்களில் யார் இறங்குகிறார்கள் என்று பாருங்கள். கொத்தனார், சித்தாள், மண்வெட்டியோடு வந்த கூலிக்காரர், புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் போகும் சுமை தூக்கும் தொழிலாளர். வயிற்றில் ஒரு டீ. ஆண்களில் பலர் கையில் ஒரு பீடி. அன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்பது தெரிவதற்குள் இரண்டாவது பீடியும் எரிந்துவிடுகிறது.

"காசைக் கரியாக்குகிறார்கள், இவர்கள் எப்படி உருப்படுவார்கள்?" என்று உபதேசம் செய்யும் கனவான்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: மூட்டை சுமப்பவன் ஏன் பீடி குடிக்கிறான் என்று என்றைக்காவது விசாரித்ததுண்டா?

கட்டிட வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பத்து மணி வெயிலில் ஒரு ஆள் சும்மா நிழலில் உட்கார்ந்தால் மேஸ்திரி அதட்டுவார். அதே ஆள் ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். "பீடி குடிக்கிறான், வந்துடுவான்." பீடி எரிகிற ஐந்து நிமிஷம்தான் அவனுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஓய்வு! சட்டத்தில் எழுதியிருக்கும் இடைவேளை எதுவும் அந்த மணல் மேட்டுக்கு வந்து சேர்வதில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பையன் கையாளாக வந்து சேர்கிறான். உட்கார வேண்டுமானால் பீடி வேண்டும் என்பதை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கிறான்.

சாந்துச் சட்டி சுமக்கும் பெண்ணின் கதை என்ன? அவள் பீடி குடிப்பதில்லை. ஆகவே அவளுக்கு அந்த ஐந்து நிமிஷமும் இல்லை. ஆண்களின் புகையை மட்டும் அவளும் சுவாசிக்கிறாள். இந்த அநியாயத்தைப் பற்றி நமது சங்கங்களே இதுவரை போதிய அளவு பேசியதில்லை.

பசியும் இதில் உண்டு. மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட பீடி உதவுகிறது என்பது உழைப்பவனுக்குத் தெரியும். ஆனால் அதற்கு அவன் கொடுக்கும் விலையைச் சொல்லியாக வேண்டும். பீடியில் புகையிலை கொஞ்சந்தானே, சிகரெட்டைப் போலக் கெடுதல் இல்லை என்று நம்புகிற தோழர்கள் பலர். இது தவறு. பீடி இலை லேசில் எரியாது. அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழமாக இழுக்க வேண்டும். ஆகவே நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமலே நெஞ்சுக்குள் இறங்குகின்றன. சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து 2003ல் லான்செட் பத்திரிகையில் வெளியான ஆய்வு என்ன சொல்லிற்று? இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் புகைப்பழக்கமே காரணம் என்றது. 2008ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வின் கணக்கு: பீடி குடிப்பவனின் ஆயுளில் சராசரி 6 ஆண்டு போகிறது, சிகரெட் குடிப்பவனுக்கு 10 ஆண்டு.

பழைய செட்டிநாட்டு வீடுகளை இடிக்கும் வேலையில் சுண்ணாம்புத் தூசியையும், ஆலையில் தவிட்டுத் தூசியையும் நாள் முழுதும் சுவாசிப்பவனுக்கு அதன்மேல் இந்தப் புகையும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? வீட்டில் சம்பாதிக்கும் ஒரே ஆள் நாற்பத்தைந்து வயதில் இருமிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன? காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மத்திய சர்க்கார் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரில் அதை 1000 ஆக உயர்த்தினார்கள். ஒரு குடும்பத்தின் கூலி நின்றுபோனதற்கு அது எந்த மூலைக்கு?

சர்க்காரின் இரட்டை வேஷத்தையும் பாருங்கள். பொது இடத்தில் புகைப்பவனுக்கு 200 ரூபாய் வரை அபராதம் போட 2003ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் அகப்படுகிறவன் ஏழைதான். ஆனால் 1910ல் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் கல்கத்தாவில் வெள்ளைக்காரன் தொடங்கிய கம்பெனி இன்று ஐ.டி.சி. என்ற பெயரில் கொழிக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோதான் இன்றும் அதன் மிகப் பெரிய பங்குதாரர். அடுத்தபடியாகச் சுமார் 15 சதவீதப் பங்கை வைத்திருப்பது யார்? ஜனங்களின் சேமிப்பைக் காக்க 1956ல் ஆயுள் இன்ஷூரன்ஸைத் தேசியமயமாக்கி உருவாக்கப்பட்ட எல்.ஐ.சி.! ஒரு கையால் அபராதம், இன்னொரு கையால் லாப ஈவு. உலகில் புகையிலை உபயோகிப்போர் சுமார் 130 கோடிப் பேரில் ஐந்தில் நான்கு பங்கினர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பணக்கார நாடுகளில் ஜனங்கள் விழித்துக்கொண்டபின் கம்பெனிகளின் வேட்டை எந்தப் பக்கம் திரும்பிற்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

"பீடியை விட்டால் பீடி சுற்றும் பெண்கள் என்ன ஆவார்கள்?" என்று ஒரு கேள்வி வருகிறது. நியாயமான கேள்வி. தென்காசியிலும் திருநெல்வேலியிலும் வேலூர்ப் பக்கத்திலும் வீட்டுத் திண்ணைகளில் முறத்தை மடியில் வைத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, புகையிலைத் தூளைச் சுவாசித்துக்கொண்டே சுற்றுகிறார்கள் நம் சகோதரிகள். அவர்களுடைய ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பணம் தந்த தீர்வையை 2017ல் ஜி.எஸ்.டி.யோடு ஒழித்துவிட்டார்கள். 2025 செப்டம்பரில் பீடி வரியை 28லிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவெடுத்தபோது, அதில் ஒரு காசாவது கூலியில் சேரவேண்டும் என்று முதலாளிகளுக்கு எந்த நிபந்தனையும் இல்லை. ஆகவே இந்தச் சகோதரிகளின் பெயரைச் சொல்லி யாரும் பீடிக்கு வக்காலத்து வாங்க வேண்டாம்.

வேறு வழி உண்டென்பதைக் கேரளம் காட்டியிருக்கிறது. 1966ம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்த மறுத்து முதலாளிகள் கம்பெனிகளை மூடியபோது, கண்ணனூரில் 1969ல் தொழிலாளரே தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினார்கள். பீடியின் விற்பனை சரிந்தபோது அவர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை என்று அந்த ஸ்தாபனமே வேறு தொழில்களுக்குத் திரும்பிற்று. தமிழ்நாட்டு சர்க்கார் இப்படி ஒன்றை ஏன் செய்யக்கூடாது?

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. சங்க ஆபீஸில் கமிட்டிக் கூட்டம் முடிந்து எழுந்தால் தரையெல்லாம் பீடித் துண்டுகள். வாலிபத் தோழர் ஒருவர் புதிதாக வந்தால் முதலில் நீட்டப்படுவது துண்டுப் பிரசுரமா, பீடிக் கட்டா என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். சுருட்டுக்குப் பேர்போன கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவே தமது ஜனங்களின் ஆரோக்கியத்துக்காக 1980களில் சுருட்டை விட்டார். இதை எழுதுகிறவனும் பல வருஷம் குடித்தவன்தான்; மூன்று தடவை விட்டு, நான்காவது தடவைதான் நிலைத்தது. ஆகவே விடுவது எளிது என்று சொல்ல வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் விட விரும்புகிறவனுக்கு மருந்தும் ஆலோசனையும் இலவசமாகத் தரவேண்டும் என்பது நமது கோரிக்கையாக வேண்டும்.

அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் கட்டிடத் தொழிலாளர், சுமைத் தொழிலாளர் சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் எழுதட்டும்: காலை பத்து மணிக்குக் கால் மணி நேரம், மாலை மூன்றரைக்குக் கால் மணி நேரம், கூலி பிடிக்காமல் ஓய்வு, டீயும் குடிதண்ணீரும் வேலை கொடுப்பவர் செலவில், பீடி குடிக்கிறவனுக்கும் குடிக்காதவனுக்கும், சித்தாளுக்கும் சேர்த்து.